நரிக்கு எந்தக் காலிபர் (தோட்டா அளவு)? .17 எச்.எம்.ஆர், .223, .22-250: ஒண்ணுதான் வாங்க முடியும்

செம்பனைக்காரன் | சுங்கை சிப்புட்

வணக்கம். கேள்வி நம்ம மலேசியா பன்னி வேட்டை பத்தி இல்ல, ஆஸ்திரேலியா பத்தி. தங்கச்சி மகன் நியூ சவுத் வேல்ஸ்ல டப்போ பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணையில சூப்பர்வைசர். குட்டி போடுற சீசன்ல நரி வந்து பிறந்த ஈரம் காயறதுக்குள்ள குட்டியத் தூக்கிட்டுப் போகுது. துப்பாக்கி லைசன் எடுத்தாச்சு, ஏ, பி ரெண்டு வகையும். முதலாளி ஒரே ஒரு ரைஃபிளுக்குத்தான் காசு தருவாராம். கடைக்காரர் .22-250 எடுங்கறார், பக்கத்துப் பண்ணைக்காரர் .223 போதுங்கறார், இணையத்துல பாதிப்பேர் .17 எச்.எம்.ஆர் பாட்டுப் பாடுறாங்க.

விவரம்: திறந்த புல்வெளி, லேசான மேடு பள்ளம். ராத்திரியில ஸ்பாட்லைட் போட்டுத்தான் சுடணும். தூரம் 80 மீட்டர்ல இருந்து 180 வரைக்கும். கிழக்குப் பக்கம் வீடு, கொட்டகை, தண்ணித் தொட்டி. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

12போர் | தாப்பா

ரைஃபிளே எதுக்கு? 12 போர் ஷாட்கன் ஒண்ணு வாங்கிக் கொடுங்க. செம்பனையில பன்னிக்கு எஸ்.ஜி. (பெரிய ரவைத் தோட்டா) போட்டு அடிக்கிறோமே, அதுக்கு முன்னால நரி எம்மாத்திரம்? ஏ வகையிலயே வந்துடும், விலையும் பாதி.

குளுவாங்_பையன் | இப்ப வாகா வாகா

எஸ்.ஜி. நரிக்கு ஆகாதுண்ணே. 36 கிராம் தோட்டாவுல மொத்தமே பத்து ரவைதான். பன்னி உடம்பு அகலத்துக்கு அது சரி. நரி ஏழு கிலோ தாண்டுறதே அபூர்வம், பெருசாத் தெரியறது பாதி முடி. உயிர்நிலை நெஞ்சுல ஒரு 10 செ.மீ. வட்டம், அவ்வளவுதான். 40 மீட்டர்ல அந்த வட்டத்துக்குள்ள ஒரு ரவை விழலாம், விழாமலும் போகலாம். காயத்தோட ஓடி வளைக்குள்ள போய்ச் சாகும்.

இங்க ஷாட்கன்னுன்னா பி.பி. சைஸ் ரவை போடுவாங்க, 4 மி.மீட்டருக்குக் கொஞ்சம் மேல. அதுவும் 35 மீட்டர் வரைக்கும். தகர விசில் ஊதி, அடிபட்ட முயல் மாதிரி சத்தம் கொடுத்து, புதர் ஓரம் உக்காந்து அடிக்கிறதுக்கு அது அருமை. 150 மீட்டர்ல கண்ணு மட்டும் மின்னிட்டு நிக்கிற நரிக்கு ஷாட்கன் கையில இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

ஆர்மரர்_ஓய்வு | தைப்பிங்

தம்பி கொடுத்த விவரத்தில் இரண்டுதான் முடிவைத் தீர்மானிக்கும். ஒன்று 180 மீட்டர். மற்றது கொட்டகை. காலிபரை அப்புறம் பார்ப்போம்.

.17 எச்.எம்.ஆர் 2002-ல் வந்தது. .22 மேக்னம் உறையின் கழுத்தைச் சுருக்கி 17 கிரெய்ன் (சுமார் 1.1 கிராம்) குண்டைப் பொருத்தியது. பேரல் வாயை விட்டு வினாடிக்கு 777 மீட்டர் வேகத்தில் கிளம்பும், ஆற்றல் சுமார் 330 ஜூல். 100 கஜத்தில் 185 ஜூல் ஆகிவிடும், 200 கஜத்தில் நூறுக்கும் கீழ். இதைவிடப் பெரிய தொல்லை காற்று. மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று அந்தக் குண்டை 200 கஜத்தில் ஒரு அடிக்கு மேல் தள்ளிவிடும். இலக்கு 10 செ.மீ. என்று மேலே தம்பி சொன்னாரே, அதோடு வைத்துப் பாருங்கள். காற்றில்லாத இரவில் 100, மிஞ்சிப்போனால் 120 மீட்டர். அதற்குள் அது மிக நல்ல தோட்டா. மெல்லிய உறையுள்ள குண்டு என்பதால் உள்ளே போனதும் சிதறும், மறுபக்கம் வருவது குறைவு.

.223 ரெமிங்டன் 1964-லிருந்து சந்தையில் இருக்கிறது. ராணுவ 5.56-உடன் பிறந்தது. 55 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 988 மீட்டர், 1,740 ஜூல். 200 கஜத்திலும் ஆயிரம் ஜூல் பக்கம் மிச்சம் இருக்கும். அதே காற்று 15 செ.மீ. தள்ளும்.

.22-250 அதே 55 கிரெய்ன் குண்டை 1,120 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது, 2,240 ஜூல். காற்று 12, 13 செ.மீ. தள்ளும். ஆக 180 மீட்டரில் .223-ஐ விட உங்களுக்குக் கிடைக்கும் லாபம் இரண்டு விரல் அகலம். அதற்குக் கொடுக்கும் விலை: ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மருந்து, அதிகச் சத்தம், சீக்கிரம் சூடாகும் பேரல், சீக்கிரம் தேயும் தொண்டை (தோட்டா அறைக்கு அடுத்த பேரல் பகுதி). 300 மீட்டருக்கு அப்பால் சுடுகிறவனுக்கு இந்தக் கணக்கு வேறு. மருமகன் அங்கே போகப்போவதில்லை, இரவில் போகவும் கூடாது.

என் தீர்ப்பு .223. கடைக்காரர் சொன்னது தப்பில்லை, தேவைக்கு மீறியது.

லயத்துப்_புலி

சாதா .22 போதாதா ஐயா? தோட்டா மலிவாச்சே.

ஆர்மரர்_ஓய்வு | தைப்பிங்

60 மீட்டருக்குள், நெஞ்சிலோ தலையிலோ சரியாக வைக்கத் தெரிந்தால் சாகும். ஆனால் 40 கிரெய்ன் ஈயக் குண்டு மெதுவாகப் போவதால் உடையாது. கல்லிலோ காய்ந்த தரையிலோ பட்டால் முழுசாக எகிறும். தோட்டாப் பெட்டியின் மேலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். கொட்டகை இருக்கும் பக்கம் வேகமான சிறு குண்டை விட இந்த மெதுவான குண்டுதான் எனக்குப் பயம்.

12போர் | தாப்பா

அப்ப .223 தரையில பட்டா எகிறாதுங்கறீங்களா?

குளுவாங்_பையன் | இப்ப வாகா வாகா

எகிறாதுன்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாதுண்ணே. வி-மேக்ஸ் மாதிரி பிளாஸ்டிக் முனை குண்டு மண்ணுல பட்டா பெரும்பாலும் பொடியாயிடும். அதை நம்பிச் சுடக்கூடாது. நரிக்குப் பின்னால மண்மேடு கண்ணுக்குத் தெரியணும். மேட்டு உச்சியில வானத்துக்கு எதிர நிக்கிற நரி பார்க்க அழகா இருக்கும், விரல் ட்ரிகர் பக்கம் போகவே கூடாது. கிழக்குப் பக்கம் கொட்டகைன்னா, பகல்லயே போய் எந்த எந்த எடத்துல நின்னா எந்தத் திசை சுடலாம்னு பார்த்து வச்சுக்கணும். ராத்திரியில திசை சுத்தமா மாறிப்போகும். வேலிக் கம்பத்துல பிரதிபலிப்பு டேப் ஒட்டி, "இதுக்கு வலது பக்கம் சுடக்கூடாது"ன்னு அடையாளம் வச்சிருக்கிற பண்ணை நிறைய.

கிராணி_மகன் | கோல சிலாங்கூர்

ஒரு எச்சரிக்கை. இணையத்துல .17-க்கும் சத்தமில்லாத .22-க்கும் பாட்டுப் பாடுறவங்க நிறைய பேர் பிரிட்டன்காரங்க. அங்க சைலன்சர் போட்டுச் சுடுறது சர்வ சாதாரணம், வயலும் சின்னது, வேலிக்கு வேலி வீடு. நியூ சவுத் வேல்ஸ்ல சைலன்சர் தடை செய்யப்பட்ட பொருள், சாதாரண லைசன்காரனுக்குக் கிடையாது. அதனால பிரிட்டன் ஆலோசனைய அப்படியே எடுத்துக்காதீங்க. காதுக்கு எலக்ட்ரானிக் மஃப் கட்டாயம். மெல்லப் பேசுறது கேக்கும், வெடிச்சத்தத்த மட்டும் அடக்கும்.

வகை: .17, .22 ரெண்டும் ரிம்ஃபயர் (தோட்டா அடி விளிம்புல ஊசி அடிக்கிறது), ஏ. .223-யும் .22-250-யும் சென்டர்ஃபயர் (நடுவுல அடிக்கிறது), பி. 1996 போர்ட் ஆர்தர் துப்பாக்கிச்சூட்டுக்கு அப்புறம் அரைத் தானியங்கி எல்லாம் தனிக் கணக்கு, போல்ட் ஆக்‌ஷன்தான் வாங்கணும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வாங்குறதுக்கு முன்னாலயே தனி அனுமதி. தோட்டா துப்பாக்கியோட இல்லாம வேற பூட்டுல.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். உங்க மருமகன் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது ஜாக்கெட் பாக்கெட்டு, பை அடி, எல்லாத்தையும் கொட்டிப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க. ஒரு தோட்டா கெடந்தாலும் இங்க 1960 துப்பாக்கிச் சட்டத்துல ஏழு வருசம் வரைக்கும் உள்ள போகலாம். அங்க லைசன் இருக்குன்னு கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துல சொன்னா எடுபடாது. வேட்டைக்குப் போடுற ஜாக்கெட்ட பயணத்துக்குப் போடாம இருக்கிறதே நல்லது.

செம்பனைக்காரன் | சுங்கை சிப்புட்

நன்றி கிராணி. இத மொதல்ல அனுப்பிட்டேன்.

அவன்கிட்ட கேட்டேன். ஓடைப் பக்கம் எப்பவாவது காட்டுப்பன்னியும் வருமாம். அதனால முதலாளி .243 ஆகுமான்னு கேக்கச் சொன்னாராம்.

குளுவாங்_பையன் | இப்ப வாகா வாகா

பன்னின்னதும் கணக்கு மாறுது. .243-ல 58 கிரெய்ன் போட்டா நரி, 100 கிரெய்ன் போட்டா பன்னி. ஒரே துப்பாக்கி ரெண்டு வேலை. நான் இருந்தா .243 பக்கம் சாய்வேன்.

ஆர்மரர்_ஓய்வு | தைப்பிங்

காகிதத்தில் அது சரி. நடைமுறையில் இரண்டு எடைக் குண்டும் ஒரே இடத்தில் விழாது. 58 கிரெய்னுக்குச் சரிசெய்த ஸ்கோப்பில் 100 கிரெய்ன் சுட்டால் 100 மீட்டரிலேயே பல செ.மீ. கீழே போகும், சில பேரலில் பக்கவாட்டிலும் விலகும். ஒவ்வொரு முறையும் திருகிக்கொண்டிருக்க வேண்டும். இரவில் எந்தத் தோட்டா மேகசினில் இருக்கிறது என்ற குழப்பம் வேறு. உதைப்பும் .223-ஐ விட அதிகம். அதனால் என்ன நடக்கிறதென்றால், சுட்ட நொடியில் ஸ்கோப் எகிறி, நரி விழுந்ததா ஓடியதா என்று தெரியாமல் போகிறது. .223-ல் குண்டு படுவதையே ஸ்கோப்பில் பார்க்கலாம். இரவு வேலையில் இதன் மதிப்பு பெரிது.

எப்பவாவது வரும் பன்னிக்கு .223-ல் 62, 64 கிரெய்ன் வேட்டைக் குண்டு இருக்கிறது. 80 மீட்டருக்குள், காதின் அடியில். தோளில் சுடக்கூடாது, கிழட்டு ஆண்பன்னிக்குத் தோள் தோல் கேடயம் போலத் தடிக்கும். பன்னிதான் முக்கிய வேலை என்றால் .243 அல்லது .308. முதலாளி எதற்குப் பணம் தருகிறார் என்பதைப் பொறுத்தது.

குளுவாங்_பையன் | இப்ப வாகா வாகா

குண்டு படுறதப் பாக்குறது பத்தி ஐயா சொன்னது நியாயம். ஆனாலும் பன்னி கூட்டமா வர்ற பண்ணையா இருந்தா என் கட்சி .243-தான். எப்பவாவதுன்னா விட்டுடுறேன்.

செம்பனைக்காரன் | சுங்கை சிப்புட்

குட்டிதான் பிரச்சினை, பன்னி இல்ல. அப்ப .223. கடையில ட்விஸ்ட் 12-ஆ, 9-ஆ, 8-ஆன்னு கேட்டாங்களாம். அப்புறம் ஸ்கோப் எது?

ஆர்மரர்_ஓய்வு | தைப்பிங்

ட்விஸ்ட் என்பது பேரலுக்குள் இருக்கும் முறுக்கு வரி; 12 என்றால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நரிக்குப் போடும் 50, 55 கிரெய்னுக்கு மூன்றும் ஒத்துவரும். 62, 64 கிரெய்னும் வேண்டும் என்றதால் 9 எடுங்கள். 12-ல் நீளமான கனக் குண்டு நிலைகுலைந்து தாளில் சாய்வான ஓட்டை போடும். 8 என்பது 75, 77 கிரெய்ன் போடுகிறவர்களுக்கு. கூடவே ஒன்று: பேரலில் .223 என்று மட்டும் பொறித்திருந்தால் ராணுவ 5.56 தோட்டா போடக்கூடாது. உள்ளே நுழையும், ஆனால் தொண்டை அளவு வேறு, அழுத்தம் எகிறும்.

ஸ்கோப்பில் பெருக்கம் தேடாதீர்கள், வெளிச்சம் தேடுங்கள். 3-12x50 போதும். இரவில் 4-க்குக் கீழ் வைத்துத் தேடி, நரி நின்றதும் 8-க்கு ஏற்றுவது. 16-ல் வைத்தால் நரி எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. நடுப்புள்ளி மட்டும் ஒளிரும் குறுக்குக்கோடு நல்லது, அதையும் மிகக் குறைவான வெளிச்சத்தில். கூட்டினால் நரியை மறைத்துவிடும்.

ஜீரோ (குண்டு விழும் இடத்தோடு ஸ்கோப்பைப் பொருத்துவது) செய்யும் முறை. ரைஃபிளை மணல் மூட்டையில் வைத்து, போல்ட்டைக் கழற்றி, பேரல் வழியாகவே 25 மீட்டர் தாளின் மையத்தைப் பாருங்கள். துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பை அதே மையத்துக்குத் திருப்புங்கள். பிறகு 25 மீட்டரில் மூன்று குண்டு. கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு) ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மி.மீ., 25 மீட்டரில் 2 மி.மீ.க்கும் குறைவு. ஆக 25 மீட்டரில் 5 செ.மீ. இடப்பக்கம் விழுந்தால் 27, 28 கிளிக் வலப்பக்கம். இங்கேதான் நிறையப் பேர் ஏழு கிளிக் திருகிவிட்டு ஸ்கோப் கெட்டது என்பார்கள்.

அப்புறம் 100 மீட்டர். பேரலை ஆறவிட்டு மூன்று மூன்றாக. விழுந்த குண்டுக் கூட்டத்தின் நடு, மையத்துக்கு 4 செ.மீ. மேலே விழும்படி வையுங்கள். .223, 55 கிரெய்னுக்கு அப்போது 200 மீட்டர் பக்கம் மையம் வந்துவிடும். 80-லிருந்து 180 வரை நெஞ்சின் நடுவிலேயே பிடித்துச் சுடலாம், தூரக்கணக்கு வேண்டாம். இதுதான் .223-இன் முழு சுகமும். .17-ஐ 100 கஜத்துக்கு வைத்தால் 200 கஜத்தில் ஒரு சாணுக்குச் சமமாகத் தொங்கும்.

12போர் | தாப்பா

ஐயா, எல்லாம் சரியா வச்சும் தவறுதுன்னா எதப் பாக்கணும்?

ஆர்மரர்_ஓய்வு | தைப்பிங்

முதலில் திருகுகள். ஸ்டாக்கையும் ஆக்‌ஷனையும் பிடிக்கும் இரண்டு திருகு, ஸ்கோப் தளத்தின் திருகுகள், வளையத் திருகுகள். பண்ணை வண்டியில் ஆடி ஆடி இவை தளரும். டார்க் ஸ்க்ரூடிரைவர் (இறுக்கத்தை அளந்து காட்டுவது) வைத்து வளையத்துக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்ட். கைக்கணக்கில் இறுக்குவது போதாது, அதிகமாக இறுக்கினால் குழாய் நசுங்கும். தளத்துத் திருகுக்கு நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு.

அடுத்தது தோட்டா. பெட்டியின் மேல் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் இருக்கும். லாட் மாறினால் விழும் இடம் மாறலாம். ஜீரோ செய்த அதே லாட்டில் ஒரு பருவத்துக்கானதை மொத்தமாக வாங்கி வைப்பதே நல்லது. .17 எச்.எம்.ஆரில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு: பழைய தோட்டாவில் உறையின் கழுத்து வெடித்திருக்கும். போடுமுன் கண்ணால் பார்க்க வேண்டும்.

குளுவாங்_பையன் | இப்ப வாகா வாகா

வண்டி பத்தி ஐயா சொன்னதால இது. யூட் (பின்னால திறந்த பண்ணை வண்டி) பானெட்ல சாய்ச்சு சுடுறப்ப ஸ்கோப் வழியாப் பார்த்தா முன்னால ஒண்ணும் இருக்காது, நரி பளிச்சுன்னு தெரியும். பேரல் ஸ்கோப்புக்கு 4, 5 செ.மீ. கீழ இருக்குங்கறத மறந்துடுவாங்க. குண்டு பானெட் விளிம்ப உரசிட்டுப் போகும். வேலிக் கம்பி, ஸ்பாட்லைட் பிராக்கெட், கண்ணாடி எல்லாத்துக்கும் இதே கதை. சுடுறதுக்கு முன்னால ஸ்கோப்ல இருந்து கண்ண எடுத்து பேரல் முனைய ஒரு தடவ பாத்துடணும்.

பேரலையே நேரா தகரத்துல சாய்க்கவும் கூடாது. சாய்ச்சா குண்டு மேல ஏறும். முன்கட்டைக்கு அடியில மடிச்ச சாக்கு, மணல் பை, எதாவது.

அப்புறம் கண்ணு. லைட்டுல மின்னுற கண்ணப் பார்த்துச் சுடவே கூடாது. ஆட்டுக்கும் மின்னும், பண்ணை நாய்க்கும் மின்னும், முயலுக்கும் மின்னும். காது, மூஞ்சி, வால், உடம்போட கோடு தெரியற வரைக்கும் காத்திருக்கணும். தெர்மல் (உடம்புச் சூட்ட வச்சுக் காட்டுற) ஸ்கோப் இருந்தாலும் அதேதான், 200 மீட்டர்ல நாயும் நரியும் ஒரே வெள்ளை உருண்டை.

லயத்துப்_புலி

சுட்டுக்கிட்டே இருந்தா நரி ஒழிஞ்சிடுமா?

குளுவாங்_பையன் | இப்ப வாகா வாகா

ஒழியாது. பக்கத்துப் பண்ணையில இருந்து காலி எடத்துக்குப் புதுசு வரும். அதனாலதான் இங்க அக்கம்பக்கத்துப் பண்ணையெல்லாம் சேர்ந்து 1080-ங்கற விஷம் கலந்த தீனி வைக்கிறாங்க, குட்டி போடுற சீசனுக்கு முன்னால. அத லோக்கல் லேண்ட் சர்வீசஸ் அலுவலகம் வழியாத்தான் வாங்க முடியும், கைநிறைய விதி இருக்கு, நாய் தின்னா செத்துடும். துப்பாக்கி வேலை மிச்சத்துக்கு: தீனியத் தொடாத கள்ள நரி, குட்டி மந்தையச் சுத்தியே திரியறது.

செத்த நரியத் தூக்கும்போது கையுறை போடச் சொல்லுங்க. சொறி இருக்கும், ஹைடாட்டிட் நாடாப்புழு இருக்கலாம். நாய்க்கு அதத் திங்கக் கொடுக்கக்கூடாது.

செம்பனைக்காரன் | சுங்கை சிப்புட்

இதுவரைக்கும் எழுதி வச்சது: போல்ட் ஆக்‌ஷன் .223, ட்விஸ்ட் 9, ஸ்கோப் 3-12x50, 55 கிரெய்ன் பிளாஸ்டிக் முனை ஒரே லாட்ல, 100 மீட்டர்ல 4 செ.மீ. மேல. கடைசியா ஒண்ணு: பேரல எத்தன தடவ கழுவணும்? கடைக்காரர் ஒவ்வொரு தடவையும்னு சொன்னாராம்.

ஆர்மரர்_ஓய்வு | தைப்பிங்

தேவையில்லை. அளவுக்கு மீறிய கழுவலால்தான் நிறையப் பேரல் கெடுகிறது. மழையில் நனைந்தால் அன்றே உலர்த்தி, லேசாக எண்ணெய் துணி விடுங்கள். மற்றபடி கூட்டம் விரிய ஆரம்பிக்கும்போது செம்பு கரைக்கும் திரவம் போட்டு, போர் கைடு (கம்பியை நேராகப் போகவிடும் குழாய்) வைத்து, பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் தள்ளுங்கள். முன்வாயிலிருந்து கம்பியை நுழைத்தால் முனை விளிம்பு தேயும், அதோடு துல்லியம் போச்சு. துணி நீலமாக வருவது நின்றால் செம்பு போய்விட்டது.

கழுவியதும், எண்ணெய் இருக்கும்போதும் முதல் குண்டு வேறு இடத்தில் விழும். எண்ணெயைத் துடைத்துவிட்டு, வெளியே கிளம்புமுன் பகலில் தாளில் இரண்டு, மூன்று குண்டு சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆறிய பேரலின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதை ஒரு தாளில் தனியாகக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நரிக்குப் போவது அந்த முதல் குண்டுதான். மூன்று குண்டுக் கூட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறு கணக்கு.

செம்பனைக்காரன் | சுங்கை சிப்புட்

சரிங்கய்யா, அனுப்பிட்டேன். போர் கைடையும் பட்டியல்ல சேக்கச் சொல்லிட்டேன்.